பெருமந்தத்தை நான் இலுப்பூருக்குக் கூட்டிவந்த கதை

தம்பி,

“நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கினால் அந்த வரியைத் தாண்டிக் குதித்து அடுத்ததற்குப் போய்விடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு முன்னுரை ஆகாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி பிறந்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் திருப்பூரிலிருந்து போன் செய்தாய். நான் நம் பந்தல், பாத்திர வாடகைக் கடையில் பித்தளை அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். “அம்மா, கல்யாணம் தையில வேணாம்மா. அடுத்த வருசம் பாத்துக்குவோம்” என்றாய். ஏன்டா என்றேன். “கம்பெனிக்கு ஆர்டர் கொறஞ்சிருச்சு. நாட்டுலயே நெலம சரியில்ல. இது இப்படியே போனா டிப்ரஷன் வந்தாலும் வரும்” என்றாய். அது என்னடா அது என்று கேட்டதற்குத் தமிழில் பெருமந்தம் என்று சொல்லி, பொறுமையாக விளக்கவும் செய்தாய். “ஒருத்தன் வாங்குறத நிறுத்துனா விக்கிறவன் ஆளக் கொறைப்பான். வேல போன ஆளு வாங்க மாட்டான். அதனால இன்னொரு கடைக்காரன் ஆளக் கொறைப்பான். இப்படியே நாடு பூராப் பரவி, வருசக்கணக்குல எந்திரிக்காமக் கெடந்தா அதுக்குப் பேருதாம்மா அது.” அப்புறம், லஞ்ச் பிரேக் முடியப் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டாய். பதினொரு மணிக்கு என்ன லஞ்ச் என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு பல தடவை பேசிவிட்டாய். ஒவ்வொரு தடவையும், “அப்பாட்ட சொல்லிட்டியா? கந்தர்வக்கோட்டைக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டாய். நானும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், கரண்ட் போய்விட்டது, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதாவது சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். உன்னிடம் போனில் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நான் பாதி சொல்லும்போதே ‘சரிம்மா, சரிம்மா’ என்று பேச்சை முடித்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா? எழுதி முடித்ததும் உன் அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவைப்பார். ஓரத்தில் அவர் கட்டைவிரல் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

தேன்மொழியை நாங்கள் உனக்குப் பார்த்து வைக்கவில்லை. நீயாகப் பார்த்து, நீயாகப் பேசி, எங்களுக்குத் தெரியாமல் எவ்வளவோ காலம் மனசில் வைத்திருந்து, பிறகு ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். அவள் அப்பா கந்தர்வக்கோட்டையில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் கறாரான மனிதர். அவரைச் சரிக்கட்ட உன் அப்பா பஸ் ஏறி ஏறிப் போய்வந்தது உனக்குத் தெரியும். அவர் ஒருவழியாக இறங்கி வந்ததே, தையில் முடித்துவிட வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது என்ற பேச்சில்தான். தள்ளிப்போட்டால் அவர் முறுக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கக் கிளம்பிவிடுவார் என்பதும் உனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த நீயே தள்ளச் சொல்கிறாய் என்றால் அந்தப் பெருமந்தம் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும்! எனக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். இப்படி ஒரு சமாசாரம் நாட்டுக்குள் வரப்போகிறது என்றால் அது எங்கே இருந்து கிளம்பும், எப்படி நடந்து வரும், இலுப்பூருக்கு எந்த பஸ்ஸில் வந்து இறங்கும் என்று நினைத்துக்கொண்டே அண்டாவைத் தேய்த்ததில் அன்றைக்கு அது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

என் புத்திதான் உனக்குத் தெரியுமே. ஒன்றைக் கேள்விப்பட்டால் அதன் அடிமுடி தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் புத்தி உனக்கும் உண்டு. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு கல்யாண வீட்டில் சேரை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, வந்த ஆட்களைவிடச் சேர் அதிகமாகக் கிடக்கிறதே, வீணாக எதற்கு வாடகை கொடுக்கிறார்கள் என்று கேட்டாய். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த உன் அப்பா, “காலிச் சேரு கெடந்தாத்தான்டா, நம்மள எதிர்பாத்திருக்காகனு வர்றவனுக்குத் தெரியும்” என்றார். நீ அதை நம்பாமல் இன்னும் இரண்டு வீடுகளில் எண்ணிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாய். அந்தப் பிள்ளை பெருமந்தம் வரும் என்று சொன்னால் நானும் எண்ணிப் பார்க்காமல் எப்படி ஒப்புக்கொள்வேன்?

முதலில் பேப்பரைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் மேலே ஒருவர் நாடு நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது என்று எழுதியிருந்தார், கீழே ஒருவர் மில் மூடியதைப் பற்றி எழுதியிருந்தார். டிவியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்துகொண்டு வரும், வராது என்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். உன் அப்பாவிடம் கேட்டேன். “மழ வருமானு கேட்டா வானத்தப் பாப்பேன். இதுக்கு நான் எங்கிட்டுப் போயிப் பாக்குறது?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது. எங்கிட்டுப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் பார்த்துவிடலாம். எனவே கடைவீதியில் இறங்கி ஆள் ஆளாகக் கேட்டேன்.

நம் கடைக்கு எதிரே இருக்கும் டெய்லர் பாயிடம் முதலில் போனேன். சும்மா கேட்டால் யாராவது வாயைத் திறப்பார்களா? “திருப்பூர்ல எம்மகன் சொல்றான் பாய், பெருசா ஒண்ணு வரப்போகுதாம்” என்று ஆரம்பித்துத்தான் அவர் வாயைக் கிளறினேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். “புதுத்துணி வர்றது கொறஞ்சிருக்கு தங்கச்சி. ஆனா பழசப் பிரிச்சுத் தைக்க நெறைய வருது. அண்ணன் பேன்ட்டு தம்பிக்கு, அம்மா சேலை மகளுக்குப் பாவாடை. வேலைக்குக் கொறவில்ல” என்றார். “அப்ப அது நல்லதா கெட்டதா?” என்றேன். “ஊசிக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குப் போயிட்டு வருது” என்றார். அடுத்து டீக்கடை ராணி. அதே மாதிரிதான் ஆரம்பித்தேன். “டீ விக்கிதுக்கா, வடை விக்கல. ஆனா ஒண்ணு, உக்காந்திருக்கிற நேரம் கூடிப்போச்சு. முன்னாடியெல்லாம் குடிச்சதும் எந்திரிச்சு ஓடுவாக. இப்ப கிளாஸக் கீழ வச்சுட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காக” என்றாள். நம் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சமைக்கும் சுப்பையா மாஸ்டரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். “எலையில ரெண்டாவது இனிப்பக் காணோம்மா. அதுக்குப் பதிலா அப்பளம் பெருசாயிருச்சு.”

தம்பி, எனக்கு அந்த வாரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கெட்ட சேதியைத் தேடிப் போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், அப்பளம் பெரிதாவதிலும் வடை விற்காததிலும் நாட்டின் நாடியைப் பிடித்துவிட்ட மாதிரித் திரிந்தேன். அதே தெருவில் செல்போன் கடையில் மட்டும் நிற்க இடமில்லாமல் கூட்டம் இருந்தது. இது எதில் சேரும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். உனக்குப் போன் செய்து கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்டால் கல்யாணப் பேச்சை எடுப்பாய் என்று விட்டுவிட்டேன்.

இதில் நான் மறந்துபோன ஒன்று நம் கடை வாசலில் தொங்கும் கரும்பலகை. எந்த முகூர்த்தத்துக்கு எந்த வீட்டுக்குப் பந்தல் போகிறது, பெரியதா சின்னதா என்று அதில் மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு, சாக்பீஸால் எழுதி வைப்பது உன் அப்பாவின் பழக்கம். ஒரே தேதிக்கு இரண்டு வீட்டார் வந்து சண்டை போடக் கூடாது என்று ஆரம்பித்தது. இப்போது எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அத்தனை பேரும் அதைப் பேப்பர் படிக்கிற மாதிரிப் படிக்கிறார்கள். சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை போய்ச் சேர்வதற்கு முன்பே ஒரு வீட்டு விசேஷம் நம் பலகைக்கு வந்துவிடும். அதனால், ‘வரப்போறது பாத்திரக்கடை அம்மாவுக்கு முன்கூட்டியே தெரியும்’ என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்த அம்மாவே வீதியில் இறங்கி, பெருசா ஒன்று வரப்போகிறதாம் என்று கடை கடையாகக் கேட்டால், கேட்டவர்கள் அதைக் கேள்வியாகவா எடுத்துக்கொள்வார்கள்?

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மருமகளுக்கென்று மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று எடுக்க இருந்த பாய், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராணி பால்காரரிடம் பாலைக் குறைக்கச் சொன்னாள். பால்காரர் மாட்டுக்கு வாங்கும் புண்ணாக்கைக் குறைத்தார். சுப்பையா மாஸ்டர் தன்னோடு காய் வெட்ட வரும் மாரியாயியிடம், கொஞ்ச நாளைக்கு வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் என் காதுக்கு வரவர, அடேயப்பா, மகன் சொன்னது போலவே ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதே என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். பலகையில் கார்த்திகைக் கட்டத்தில் வழக்கமாக எழுத இடம் இருக்காது. இந்தத் தடவை பாதிக் கட்டம் கருப்பாகவே கிடந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். பேத்திகளின் காதுகுத்துக்குப் பெரிய பந்தலும் பாத்திரங்களும் சொல்லிவைத்திருந்தவர். தலையைச் சொறிந்துகொண்டு, “காதுகுத்த நிறுத்தி வச்சிருக்கோம்மா. தப்பா நெனைக்காதீங்க” என்றார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறிப்போய்க் கேட்டேன். “அதெல்லாம் நல்லாத்தான் இருக்காக. வெள்ளாமையும் மோசமில்ல. ஆனா பெருசா ஏதோ வருதாமுல்ல? கையில இருக்கிறத எறைச்சுப்புட்டு அப்புறம் முழிச்சா என்ன பண்றது?” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “பாத்திரக்கடை அம்மா சொன்னாகனு டீக்கடையில பேசிக்கிட்டாக. நீங்கதானம்மா அது?”

அவர் போன பிறகு ராணியிடம் ஓடினேன். அவள், பாய் மெஷின் வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்துத்தான் பாலைக் குறைத்தேன் என்றாள். பாயிடம் போனேன். “நீங்க சொன்னதுக்கப்புறம்தான் தங்கச்சி பயமே வந்துச்சு. அதுக்கு முன்னாடி எனக்குத் தோணவே இல்ல” என்றார். மாஸ்டர், கார்த்திகைக் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து மாரியாயியை அனுப்பியதாகச் சொன்னார். கட்டம் காலியாக இருந்ததோ, அந்தக் காதுகுத்து வீட்டார் போலப் பலர் இன்னும் வாயைத் திறக்காமல் தள்ளிப்போட்டதால். நான் பஸ் நிறுத்தத்தில் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த அந்தப் பெருமந்தம் என்கிற ஆள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குள் வந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, மாரியாயியை நினைத்ததும் அது நின்றுவிட்டது.

ஒன்றை நீ கவனிக்க வேண்டும். இதில் யார் செய்ததும் முட்டாள்தனம் இல்லை. மெஷினைத் தள்ளிப்போட்ட பாய் சரி. பாலைக் குறைத்த ராணி சரி. காதுகுத்தை நிறுத்திய தாத்தாவும் தன் வீட்டுக்குச் சரியானதைத்தான் செய்தார். எல்லாரும் சரியாகச் செய்து, எல்லாரும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கொரோனா வருடத்தில் ஊரே அடைந்து கிடந்தபோது நம் அண்டாவெல்லாம் மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடந்தனவே, அப்போதுகூட எனக்கு இவ்வளவு ஆச்சரியம் வரவில்லை. அன்றைக்கு எல்லாரும் வெளியே வர ஆசைப்பட்டார்கள், வர விடவில்லை. இன்றைக்கு யாரும் தடுக்கவில்லை, மழையும் பெய்திருக்கிறது, ஆனாலும் ஆளாளுக்கு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார்கள். இது எப்படி என்று இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. வெளிநாட்டுக்காரன் பனியன் வாங்காவிட்டால் திருப்பூரில் பின்னலும் தையலும் நிற்கும், அதை இலுப்பூரில் நான் தைரியமாகப் பேசிச் சரிசெய்ய முடியாது. அவ்வளவு பைத்தியக்காரி இல்லை நான். ஆனால் இலுப்பூரில் நின்றது பனியன் ஆர்டர் இல்லாமல் நிற்கவில்லையே. எது எதனால் நின்றது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டாமா? உன் கம்பெனியில் இதை யாராவது பிரித்துப் பார்க்கிறார்களா? தெரிந்தால் எனக்கு எழுது.

மறுநாள் பாயிடம் போய் நம் சேர்களுக்குப் புது உறை தைக்கக் கொடுத்தேன். பழையவை நைந்துபோய்த்தான் இருந்தன, கல்யாணத்துக்கு எப்படியும் தைக்க வேண்டியதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்ப அது வரலையா?” என்று கேட்டார். “வருமா வராதானு எனக்குத் தெரியாது பாய். தைக்குச் சேர் உறை வேணும், அது தெரியும்” என்றேன். அவர் சிறிது நேரம் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவையும் ஒற்றை மெஷினில் முடிக்க முடியாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ராணி கடையில் நானும் உன் அப்பாவும் இப்போது சாயங்காலம் டீயோடு வடையும் சாப்பிடுகிறோம். உன் அப்பாவுக்கு நெஞ்சு எரிகிறதாம், இருந்தாலும் சாப்பிடுகிறார். மாரியாயியைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் திருச்சியில் ஏதோ ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலைக்குப் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் திரும்பி வரவில்லை. அதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை.

ஆனால் நான் கிளப்பிவிட்டது அதற்குள் பஸ் ஏறிவிட்டது. சுப்பையா மாஸ்டர் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனவர், பேச்சுவாக்கில் தேன்மொழி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். உடனே உன் அப்பாவுக்குப் போன் வந்துவிட்டது. “என்ன சம்மந்தி, ஊரே விசேஷத்தத் தள்ளிப்போடுதாம். நம்ம தேதி நிக்கிதா, அதுவும் போயிருச்சா? போயிருச்சுன்னா இப்பவே சொல்லிப்புடுங்க” என்று கேட்டிருக்கிறார். நீ தள்ளச் சொன்னதை நான் இன்னும் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் பாட்டுக்கு, “பலகையில எழுதியாச்சு சம்மந்தி” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். உண்மைதான். தைக் கட்டத்தில் ‘நம்ம வீடு, பெரிய பந்தல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை அழித்தால் கந்தர்வக்கோட்டைச் சம்பந்தம் போய்விடும், பஸ்ஸுக்கு நிற்கிற ஊரும் மிச்சமிருக்கிற தைரியத்தை மூட்டை கட்டிவிடும். அழிக்காவிட்டால் நீ சொன்னதை மீறியவள் ஆவேன். அழிதுணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு பஸ் நின்று, அதிலிருந்து தேன்மொழி இறங்கினாள். புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கிட்டு வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கடைக்குத் தனியாக வருகிறாளே, யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நான் பதறினேன். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வந்தவள் முதலில் பலகையை நிதானமாகப் படித்தாள். பிறகு உள்ளே வந்து ஒரு சேரில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அத்தை, ஒங்ககிட்ட அவரு எத்தன மணிக்குப் பேசுறாரு?”

“இப்பல்லாம் காலையில பதினோரு மணிக்கு. லஞ்ச் பிரேக்காம்” என்றேன். “எங்கிட்ட டீ பிரேக்குன்னு சொல்றாரு” என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்பெல்லாம் நீ ஷிப்ட் முடிந்து ராத்திரியில்தான் பேசுவாய். பகலில் எப்போதாவது பேசினால் பின்னால் மெஷின் சத்தத்தில் நீ சொல்வதே கேட்காது. “அவரு பேசுறப்ப பின்னாடி மெஷின் சத்தம் கேக்குதா அத்தை?” என்றாள். “இல்ல தாயி. பக்கத்து ரூம்ல சீரியல் பாட்டு கேக்குது” என்றேன். அதைச் சொன்னதும் எனக்கும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாட்டில் அப்பளம் பெரிதானதைக்கூடக் கண்டுபிடித்தவள், பெற்ற பிள்ளையின் குரலுக்குப் பின்னால் மெஷின் ஓடாததை ஒரு மாதமாகக் கேட்டும் கேட்காதவள் மாதிரி இருந்திருக்கிறேன். அவள் எதிரில் அழக் கூடாது என்று அண்டா மூடிகளை அடுக்கப் போனேன்.

“வேல போயிருந்தா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான அத்தை?” என்றாள். “அவரு அங்க ஒத்தையா உக்காந்து பயந்துக்கிட்டு இருக்காரு. நான் இங்க ஒத்தையா பயந்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துல உக்காந்து பயப்படலாம்ல?” நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய? உங்க அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அவர நான் பாத்துக்கிர்றேன். தேதி நின்னா அவரும் நிப்பாரு. மாப்பிள்ளைக்கு வேல இல்லனு நாலு நாளைக்குக் கத்துவாரு. எனக்குத்தான் வேல இருக்கே” என்றாள். அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய், என் தோளில் கிடந்த அழிதுணியை எடுத்தாள். அவள் தேதியைத் தொடவில்லை. ‘பெரிய’ என்பதை மட்டும் துடைத்துவிட்டு ‘சின்ன’ என்று எழுதினாள்.

பாத்திரக்கடைக்காரி ஆயிற்றே, எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க வீட்டுக் கல்யாணத்துக்கா சின்னப் பந்தலு? இந்த ஊருல இருக்கிற பந்தலெல்லாம் நம்மளுது தாயி!” என்றேன். “நம்மளுதுங்கிறதுக்காக எல்லாத்தையும் நம்ம வீட்டுலயே நட்டு வைக்கணுமா அத்தை? பெருச அன்னைக்கு வேற வீட்டுக்கு வாடகைக்கு விடுங்க” என்றாள். உன் அப்பா அந்த நேரம் பார்த்து டெம்போவில் வந்து இறங்கி, பலகையைப் படித்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். சாக்பீஸை வாங்கி அடியில், ‘சேர் வழக்கம்போல்’ என்று எழுதினார்.

மறுநாளிலிருந்து பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதையே படிக்கிறார்கள். பந்தல்காரர் வீட்டுக்கே சின்னப் பந்தல்தானாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று அந்தக் காதுகுத்துத் தாத்தா வந்தார். பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, “ஒங்களுக்கே சின்னதுதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப எங்களுக்கும் சின்னதாவே ஒண்ணு போட்டு விடுங்கம்மா. நிறுத்துறதுக்குப் பதிலா சுருக்கமாச் செஞ்சுக்கலாம்னு எங்க வீட்டம்மா சொல்லுது” என்றார். கார்த்திகைக் கட்டத்தில் அவர் ஊர்ப்பெயரை எழுதினேன். இதனால் நாட்டுக்கு வரப்போவது வராமல் போய்விடுமா என்றால், எனக்குத் தெரியாது. வந்தாலும் வரும். இன்னும் பேப்பரைப் பார்க்கிறேன், இன்னும் கேட்கிறேன், என்ன, இப்போது கொஞ்சம் மெதுவான குரலில் கேட்கிறேன்.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது. வேலை போனதற்காக இல்லை, ஒரு மாதமாக அந்த ரூமில் தனியாக உட்கார்ந்து, லஞ்ச் பிரேக் என்று எங்களுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டாயா இல்லையா என்றுகூடத் தெரியாமல் என்னை வைத்திருந்தாயே, அதற்காக. ஊரில் ஆளாளுக்குத் தாழ் போட்டுக்கொண்டதைப் பற்றி இவ்வளவு எழுதினேன். முதலில் தாழ் போட்டவன் நீதான். ஒருவேளை நானும் தேன்மொழியும் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால், வேலை இருந்தால், நல்லது, தைக்கு லீவு சொல்லிவிட்டு வா. கணக்கு சரியென்றால் லீவு கேட்கிற தொல்லையும் இல்லை, இப்போதே பஸ் ஏறு. தைக்கு முன்னால் பந்தல் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட ஆள் வேண்டும், சேர் உறை மாட்ட வேண்டும், திருச்சிக்குப் போய் மாரியாயியைப் பார்த்துப் பேச வேண்டும்.

அதுவரைக்கும், குட்டு உடைந்துவிட்டதே என்று பழையபடி ராத்திரி வரை காத்திருந்து பேச வேண்டாம், தம்பி. நாளைக்கும் பதினொரு மணிக்கே கூப்பிடு. நான் கடையில்தான் இருப்பேன். எந்த பிரேக்கும் சொல்ல வேண்டாம்.

உன் அம்மா